பாட்டுப்பெட்டிக்குள் ஒரு வாசல்



தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளில் பலர் இன்று வண்டி ஓட்டிப் பிழைக்கிறார்கள். ஒருவர் வாடகைக் கார் ஓட்டுகிறார். ஒருவர் லோரி ஓட்டுகிறார். இன்னொருவர் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேன் வைத்திருக்கிறார். வேறு தொழில் செய்பவரும் கைமாறிய ஒரு பழைய காரை வாங்கி, தீபாவளிக்குக் குடும்பத்தோடு அதில் தோட்டத்துக்கு வந்து போகிறார். அந்த வண்டிகளின் முகப்பில், முன்பு வானொலி இருந்த இடத்தில், இப்போது ஒரு கண்ணாடித் திரை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது பாட்டுப் பாடும், வழி காட்டும், வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்துக் கொடுக்கும். 'இன்ஃபோடெயின்மென்ட்' என்று ஆங்கிலத்தில் சொல்லப்படும் அக்கருவியை நாம் தகவல் பெட்டி என்று அழைப்போம்.

இந்தத் தகவல் பெட்டி வழியாக, வண்டியைத் தொடாமலே அயலார் ஒருவர் வண்டிக்குள் நுழைய முடியும் என்பது பலமுறை மெய்ப்பிக்கப்பட்டிருக்கிறது. பாட்டுக் கேட்பதற்காக வைத்த பெட்டி வண்டிக்கே ஒரு வாசலாக மாறியது எப்படி? அந்த வாசலுக்குப் பூட்டுப் போட ஏன் இத்தனை காலம் பிடித்தது? இவற்றையே இன்று காணப் போகிறோம்.

இந்த வரலாற்றைச் சிங்கப்பூரின் காத்தோங்கிலிருந்து தொடங்குவது பொருத்தமாக இருக்கும். காத்தோங் என்றால் இன்று பலருக்கு அங்குள்ள பழைய கடைவீடுகளும் லக்சா உணவும் நினைவுக்கு வரும். நம்மவர்க்கோ சிலோன் ரோட்டில் உள்ள ஸ்ரீ செண்பக விநாயகர் ஆலயம் நினைவுக்கு வரும். தோட்டம் என்றதும் நாம் பால்மரத்தையும் செம்பனையையும் எண்ணுகிறோம். ஆனால் காத்தோங்கும் 19-ஆம் நூற்றாண்டில் தோட்டமாகவே இருந்தது. கடலோரம் நெடுகத் தென்னை நின்ற இடம் அது. 1966-ஆம் ஆண்டிலிருந்து அங்கே கடலைத் தூர்த்து நிலமாக்கினார்கள். கடலைப் பார்த்துக்கொண்டிருந்த காத்தோங் வீடுகள் உள்நாட்டு வீடுகளாயின. புதிய நிலத்தில் மரின் பரேட் குடியிருப்புப் பேட்டை எழுந்தது. அதற்கும் கடலுக்கும் இடையே ஈஸ்ட் கோஸ்ட் பார்க்வே என்னும் விரைவுச்சாலை போடப்பட்டது. 1981-ல் பெஞ்சமின் ஷியர்ஸ் பாலம் திறக்கப்பட்டபோது அச்சாலை நகரத்தோடு இணைந்தது.

சாலை வந்தால் நெரிசலும் கூடவே வரும். சிங்கப்பூரில் நெரிசலைக் குறைக்க 1975-ஆம் ஆண்டு ஜூன் 2-ஆம் நாள் ஒரு திட்டம் தொடங்கியது. காலை நேரத்தில் நகரின் நடுப்பகுதிக்குள் நுழையும் கார்கள் நாளொன்றுக்கு 3 வெள்ளி கொடுத்துக் காகிதச் சீட்டு வாங்கிக் கண்ணாடியில் காட்ட வேண்டும். அதிகாரிகள் சாலையோரம் நின்று கண்ணால் பார்த்துச் சரிபார்ப்பார்கள். 1995-ல் இந்தக் காகித முறை ஈஸ்ட் கோஸ்ட் பார்க்வேக்கும் வந்தது. பிறகு 1998-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள், அதே சாலையில்தான் மின்னியல் சாலைக் கட்டணம் முதலில் தொடங்கியது. காரின் முன்கண்ணாடிக்கு உள்ளே ஒரு சிறு கருவி இருக்கும். அதில் கேஷ்கார்டு செருகப்பட்டிருக்கும். சாலைக்கு மேலே வளைவு நிற்கும். வண்டி அதன் கீழ் கடக்கும்போது இரண்டும் வானலை வழியாகப் பேசிக்கொள்ளும், கட்டணம் கழிந்துவிடும். வண்டி நிற்க வேண்டியதில்லை. மனிதர் யாரும் பார்க்க வேண்டியதுமில்லை.

காத்தோங்கை ஒட்டிய சாலையில் கார் இவ்வாறு வெளியுலகத்தோடு பேசத் தொடங்கியது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் கருவி பேசியது மிகச் சிறிது தூரம். பேசிய விஷயமும் ஒன்றே ஒன்று, பணம் கழிப்பது. ஒரு கருவிக்கு ஒரு வேலை என்பது அங்கே விதியாக இருந்தது. அந்த விதி தகவல் பெட்டியில் எப்படி உடைந்தது என்பதே இனி வரும் கதை.

காரில் வானொலி வைக்கும் வழக்கம் பழையது. அமெரிக்காவில் கால்வின் சகோதரர்கள் 1930-ல் மோட்டோரோலா என்ற பெயரில் கார் வானொலியை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அந்த வானொலிக்குக் காது மட்டும் உண்டு, வாய் இல்லை. நிலையம் பேசும், பெட்டி கேட்கும். பெட்டி கெட்டால் பாட்டு நிற்குமே தவிர வண்டி நிற்காது. பின்னர் ஒலிநாடா வந்தது, குறுந்தட்டு வந்தது. அப்போதும் நிலைமை அதுவே. 1996-ல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் ஆன்ஸ்டார் என்ற சேவையைத் தொடங்கி, காருக்குள்ளேயே கைப்பேசித் தொடர்பைப் பொருத்தியது. விபத்து நேர்ந்தால் வண்டியே உதவி நிலையத்தை அழைக்கும், நல்ல நோக்கம்தான். அடுத்து, கம்பியில்லாமல் கைப்பேசியை இணைக்கும் புளூடூத் வந்தது. 2014-ல் ஆப்பிளின் கார்பிளே, 2015-ல் கூகுளின் அண்டிராய்டு ஆட்டோ ஆகியவை வந்தன. காது மட்டும் இருந்த பெட்டிக்கு இப்போது வாயும் கிடைத்துவிட்டது. பெயர்தான் வானொலி, உள்ளே இருப்பது முழுக் கணினி.

இதே காலத்தில் காரின் வயிற்றுக்குள்ளும் ஒரு மாற்றம் நடந்தது. முற்காலத்தில் ஒவ்வொரு விளக்குக்கும் ஒவ்வொரு பொறிக்கும் தனித்தனிக் கம்பி ஓடியது. கருவிகள் பெருகியதும் கம்பிகள் கட்டுக் கட்டாகச் சேர்ந்தன. ஆகவே ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986-ல் ஒரு பொதுக் கம்பி முறையை அறிமுகப்படுத்தியது. இயந்திரம், பிரேக், கதவு, விளக்கு எல்லாவற்றையும் ஆளும் சிறு கணினிகள் அந்தப் பொதுக் கம்பியிலேயே செய்தி அனுப்பும். எல்லாம் எல்லாவற்றையும் கேட்கும்.

பழைய தோட்டத்து லயங்களை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வீட்டுக்கு வீடு நடுச்சுவர் இருக்கும். ஆனால் கூரைவரை எழும்பாது. ஒரு வீட்டில் பேசுவது வரிசை முழுவதும் கேட்கும். காரின் பொதுக் கம்பியும் அப்படித்தான். அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. விடியற்காலை இருட்டில் பெரட்டுக் கூடியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கூட்டத்துக்குள் இருந்து யாரோ ஒருவன் கங்காணியின் குரலில் ஆணை கொடுக்கிறான். முகம் தெரியாத இருட்டில், சொன்னவன் கங்காணியா வேறு ஆளா என்று கேட்காமல் எல்லாரும் கிளம்பிவிட்டால் என்னவாகும்? பொதுக் கம்பியில் ஓடும் செய்தியில் என்ன விஷயம் என்பது இருக்கும்; யார் அனுப்பியது என்பதற்குச் சான்று இருக்காது. 1986-ல் அது குறையாகத் தெரியவில்லை. ஏனெனில் அந்த லயத்தில் குடியிருந்தவர்கள் எல்லாரும் தெரிந்தவர்கள். வெளியாள் வர வழியே இல்லை.

அந்த லயத்துக்குத்தான் தகவல் பெட்டியும் குடிவந்தது. ஏன் வந்தது? வேகம் கூடும்போது பாட்டின் ஒலியைத் தானே கூட்டுவதற்கு, பெட்டிக்கு வண்டியின் வேகம் தெரிய வேண்டும். விபத்து நேர்ந்தால் உதவி கேட்பதற்கு, மோதியது தெரிய வேண்டும். ஒவ்வொன்றும் நியாயமான தேவை. ஆனால் ஒரு பக்கம் வெளியுலகத்தோடும் மறு பக்கம் பிரேக்கோடும் உறவு கொண்ட ஒரு பெட்டி இவ்வாறு உருவாகிவிட்டது.

முதல் எச்சரிக்கை வானொலி அலையிலேயே வந்தது. பண்பலை ஒலிபரப்பில் பாட்டோடு கூடவே, காதுக்குக் கேட்காத சில குறிப்புகளும் போகும். நிலையத்தின் பெயர் திரையில் தெரிவது அதனால்தான். ஐரோப்பாவில் போக்குவரத்துச் செய்திகளையும் அவ்வாறே அனுப்பி வந்தார்கள். 2007-ல் ஆண்ட்ரியா பாரிசானி, டேனியல் பியாங்கோ என்ற இத்தாலியர் இருவர், எளிய கருவிகளைக் கொண்டு பொய்ச் செய்திகளை அனுப்பிக் காட்டினர். இல்லாத விபத்தையும் மூடாத சாலையையும் கார் நம்பி, ஓட்டுநரை வேறு வழியில் போகச் சொன்னது. அனுப்புகிறவர் யார் என்று பெட்டி கேட்கவே இல்லை.

2010-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகமும் சான் டியாகோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு காரை ஆராய்ந்தன. பொதுக் கம்பியில் செய்தி அனுப்பிப் பிரேக்கைச் செயலிழக்கச் செய்ய முடியும் என்று காட்டின. "காருக்குள் உட்கார்ந்துகொண்டு செய்தால் என்ன பெருமை?" என்று சிலர் கேட்டார்கள். மறு ஆண்டே அக்குழு பதில் சொன்னது. உள்ளே நுழையப் புளூடூத் போதும். கைப்பேசி அலை போதும். திருத்தி எழுதப்பட்ட ஒரு பாட்டுக் குறுந்தட்டுக்கூடப் போதும். நேயர்களே, பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே வண்டியின் கட்டுப்பாடு கைமாறலாம் என்பது அன்று தெரியவந்தது. ஆயினும் அந்தக் காரின் பெயரை அவர்கள் வெளியிடவில்லை. உற்பத்தியாளருக்கு மட்டும் சொன்னார்கள். அந்த வகை வண்டிகளுக்கு முழுத் தீர்வு கிடைக்க ஏறத்தாழ 5 ஆண்டுகள் ஆயின என்பது 2015-ல்தான் ஊருக்குத் தெரிந்தது.

அந்த 2015-ஆம் ஆண்டு இந்த வரலாற்றில் ஒரு திருப்பம். சார்லி மில்லர், கிறிஸ் வலாசெக் என்ற அமெரிக்க ஆய்வாளர் இருவர், ஜீப் செரோக்கி வண்டியின் தகவல் பெட்டியில் ஒரு கதவு திறந்து கிடப்பதைக் கண்டார்கள். கைப்பேசி வலையமைப்பு வழியாக யாரும் அதைத் தட்டலாம், அடையாளம் கேட்பதில்லை. செயிண்ட் லூயிஸ் நகரில் ஆண்டி கிரீன்பர்க் என்ற செய்தியாளர், முன்னேற்பாட்டோடு, அவ்வண்டியை நெடுஞ்சாலையில் ஓட்டினார். ஆய்வாளர்கள் பல மைல் தொலைவில் ஒரு வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் குளிர்காற்று சீறியது. அடுத்துப் பாட்டு அலறியது. கண்ணாடி துடைப்பான் ஆடியது. பிறகு இயந்திரத்தின் விசை சக்கரத்துக்குப் போகாமல் வண்டி நடுச்சாலையில் தளர்ந்தது. வேறொரு வெற்றிடத்தில் மெதுவாகப் போனபோது பிரேக்கும் பிடிக்காமல், வண்டி பள்ளத்தில் இறங்கியது.

இந்தச் செய்தி ஜூலை மாதம் வெளிவந்தது. சில நாட்களுக்குள் ஃபியட் கிறைஸ்லர் நிறுவனம் 14 லட்சம் வண்டிகளைத் திருத்தத்துக்காகத் திரும்ப அழைத்தது. திருத்திய மென்பொருளைப் பென்டிரைவில் போட்டு உரிமையாளர்களுக்கு அஞ்சலில் அனுப்பியது. கைப்பேசி நிறுவனமும் தன் பக்கத்தில் அந்தக் கதவை அடைத்தது. ஆய்வாளர்களோ பல மாதங்களுக்கு முன்பே நிறுவனத்திடம் சொல்லியிருந்தார்கள். மறைவில் சொன்னபோது மெல்ல நடந்த வேலை, பகிரங்கமானதும் விரைந்து நடந்தது. இந்தப் பாடம் பின்னும் பலமுறை திரும்பி வந்தது.

கெட்ட எண்ணம் இல்லாமலே இப்பெட்டிகள் வீழ்ந்ததும் உண்டு. 2022-ஆம் ஆண்டு ஜனவரி இறுதியில், அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் ஒரு வானொலி நிலையம் வழக்கம்போல் நிகழ்ச்சிகளோடு படங்களையும் ஒலிபரப்பியது. சில படக் கோப்புகளின் பெயரில் கடைசிப் பகுதி விடுபட்டிருந்தது. அந்த நிலையத்தைக் கேட்டுக்கொண்டிருந்த மஸ்டா கார்களில் 2014 முதல் 2017 வரை வந்த சிலவற்றின் பெட்டிகள் குழம்பி, அணைவதும் எழுவதுமாக நின்றன. வேறு நிலையத்துக்கு மாற்றவும் முடியவில்லை. பெயர் விடுபட்ட ஒரு படமே இவ்வளவு செய்யுமானால், வேண்டுமென்றே எழுதப்பட்ட ஒரு செய்தி என்ன செய்யாது?

இனி மீண்டும் சிங்கப்பூருக்கு வருவோம். காத்தோங்கிலிருந்து அதே விரைவுச்சாலையில் மேற்கே போனால் சிறிது நேரத்தில் மரினா பே வட்டாரத்தை அடையலாம். அங்குள்ள மரினா பே சாண்ட்ஸ் மண்டபத்தில் 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பிளாக் ஹேட் ஏஷியா என்ற கணினிப் பாதுகாப்பு மாநாடு நடந்தது. அங்கே பிசிஆட்டோமோட்டிவ் என்ற நிறுவனத்தின் ஆய்வாளர்கள், 2020-ஆம் ஆண்டின் நிசான் லீஃப் மின்காரை எடுத்துக்கொண்டு தங்கள் ஆய்வை விளக்கினர். புளூடூத் வழியாகத் தகவல் பெட்டிக்குள் நுழைந்து, பிறகு இணையம் வழியாகத் தொலைவிலிருந்தே அதை ஆண்டார்கள். வண்டி எங்கே இருக்கிறது என்று பார்க்க முடிந்தது. காருக்குள் இருப்பவர்கள் பேசுவதைப் பதிவு செய்ய முடிந்தது. கதவு, கண்ணாடி, ஹார்ன், விளக்கு, துடைப்பான் ஆகியவற்றை இயக்க முடிந்தது. ஓடும் வண்டியின் ஸ்டீயரிங்கையும் திருப்ப முடிந்தது. 1998-ல் அருகிலிருந்த சாலையோடு மட்டும் பேசிய காரையும் உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் ஆணை பெறும் காரையும் பிரிப்பது 27 ஆண்டுகளே.

நிசான் நிறுவனத்துக்கு அவர்கள் தெரிவித்தது 2023 ஆகஸ்டில். நிறுவனம் அதை உறுதி செய்தது 2024 ஜனவரியில். அதே குழுவினர் 2025 ஜூலையில் வேறொன்றை வெளியிட்டார்கள். பல கார் நிறுவனங்கள் ஒரே இடத்தில் வாங்கிப் பயன்படுத்திய புளூடூத் மென்பொருள் ஒன்றில் ஓட்டை இருந்தது. அதை எழுதிய நிறுவனம் 2024 செப்டம்பரிலேயே திருத்தத்தைக் கொடுத்துவிட்டது. ஆயினும் பல மாதங்கள் கழிந்தும் அத்திருத்தம் எல்லா வண்டிகளுக்கும் போய்ச் சேரவில்லை. ஒருவர் எழுதுவது, மற்றொருவர் பெட்டி செய்வது, இன்னொருவர் காரில் பொருத்துவது, கடைசியில் வேறொருவர் விற்பது என்று பொறுப்பு பல கைகளில் சிதறிக் கிடக்கிறது. ஓட்டையோ ஓட்டுபவரின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது.

இதைக் கேட்டு நாம் அஞ்சி நடுங்க வேண்டியதில்லை. இதுவரை சொன்னவை திருடர்கள் செய்தவை அல்ல. குறையைக் காட்டித் திருத்துவதற்காக ஆய்வாளர்கள் செய்தவை. அவர்களைப் பகைவராக எண்ணிய காலம் மாறி, பரிசு கொடுத்து அழைக்கும் காலம் வந்துவிட்டது. 2024 ஜனவரியில் டோக்கியோவில் கார்களுக்கென்றே ஒரு போட்டி நடத்தி, அதுவரை யாரும் அறியாத 49 ஓட்டைகளைக் கண்டுபிடித்தவர்களுக்கு 13 லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல் பரிசளித்தார்கள்.

சட்டமும் மெல்ல வந்து சேர்ந்தது. சிங்கப்பூர் 2019-ல், ஓட்டுநர் இல்லாமல் தானே ஓடும் வண்டிகளுக்கான 'தொழில்நுட்பக் குறிப்பு 68' என்ற நெறிமுறையை வெளியிட்டபோது, இணையப் பாதுகாப்பை அதில் ஒரு தனிப் பகுதியாகவே வைத்தது. ஐக்கிய நாடுகள் அமைப்பின் கீழ் 2020-ல் 155-ஆம் விதி ஏற்கப்பட்டது. கார் செய்பவர், வடிவமைப்பதிலிருந்து வண்டி சாலையில் ஓடும் காலம்வரை, ஊடுருவலைத் தடுக்கும் ஏற்பாடு வைத்திருக்க வேண்டும் என்று அது கட்டளையிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் எல்லாப் புதிய வண்டிகளுக்கும் அது கட்டாயமாயிற்று. அதற்கு ஈடுகொடுக்க முடியாத சில பழைய வகைக் கார்களைப் போர்ஷே நிறுவனம் அங்கே விற்காமல் நிறுத்திக்கொண்டது. சொல்லிப் பார்த்தும் நடக்காததைச் சட்டம் நடத்திக் காட்டியது.

காத்தோங் சாலையிலும் காலம் நிற்கவில்லை. 2023 நவம்பரிலிருந்து சிங்கப்பூரின் வண்டிகளில் பழைய கட்டணக் கருவிக்குப் பதிலாக, செயற்கைக்கோள் வழி இடம் அறியும் புதிய கருவியைப் பொருத்தத் தொடங்கினார்கள். இடத்தை அறியும் எந்தக் கருவியானாலும் ஒரு கேள்வி எழுவது இயல்பே: அந்தச் செய்தி யாரிடம் போகிறது, எவ்வளவு காலம் இருக்கிறது? 2024 இறுதியில் ஜெர்மனியில் ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் ஏறத்தாழ 8 லட்சம் மின்கார்களைப் பற்றிய செய்திகள் காவலின்றிக் கிடந்தது வெளிப்பட்டது. அவற்றில் பல கார்கள் எங்கெங்கே நின்றன என்பதும் அதில் இருந்தது. பிரேக்கைத் தொட்டால்தான் கேடு என்பதில்லை. ஒரு குடும்பம் எங்கே போகிறது, எப்போது வீட்டில் இல்லை என்பது அயலாருக்குத் தெரிவதும் கேடுதான்.

அப்படியானால் நம் கையில் இருப்பது என்ன? பெரிய பூட்டைப் போட வேண்டியவர் கார் செய்பவர். சிறிய தாழ்ப்பாள்கள் சில நம்மிடமும் உண்டு.

பழைய கார் வாங்கினால், தகவல் பெட்டியில் முன்னவர் விட்டுச் சென்ற பெயர்ப் பட்டியலையும் இணைத்த கைப்பேசிகளையும் முழுதாக அழித்துவிட வேண்டும். காரோடு பேசும் செயலி அதற்கு இருக்குமானால், பழைய உரிமையாளரின் கணக்கை நீக்கச் சொல்ல வேண்டும்; இல்லையேல் வண்டி நிற்கும் இடத்தை அவர் தம் கைப்பேசியிலேயே பார்க்கக்கூடும். நம் காரை விற்கும்போதும், வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கும்போதும் நம்முடைய விவரங்களை அவ்வாறே அழிக்க வேண்டும். மென்பொருள் புதுப்பிப்பு வந்திருக்கிறது என்று பட்டறையில் சொன்னால், வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது என்று தட்டிக் கழிக்கக் கூடாது. வழியில் கிடைத்த பென்டிரைவைப் பாட்டுக்காகச் செருகக் கூடாது. மலிவான அண்டிராய்டுப் பெட்டியைக் கடையில் பொருத்துவதானால், விலையோடு இன்னொன்றையும் கேளுங்கள்: "இதற்குப் புதுப்பிப்பு யார் தருவார்கள், எத்தனை ஆண்டுக்குத் தருவார்கள்?" பதில் இல்லாவிட்டால், அந்தப் பெட்டி இன்று எப்படி இருக்கிறதோ அப்படியே, அதே ஓட்டைகளோடு, வண்டி உள்ளளவும் இருக்கும். இவற்றைச் செய்யத் தெரியாத பெரியவர்களுக்குப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளே செய்து கொடுக்கலாம்.

கார் வாங்கப் போகும்போது நம்மவர்கள் இயந்திரத்தைப் பார்க்கிறார்கள், டயரைப் பார்க்கிறார்கள், எண்ணெய் எவ்வளவு குடிக்கும் என்று கேட்கிறார்கள். தகவல் பெட்டியைப் பற்றி, பாட்டு நன்றாகக் கேட்கிறதா என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். அதன் ஓட்டையை அடைக்கும் பொறுப்பு யாருடையது என்ற கேள்வியையும் இனிமேல் சேர்த்துக்கொள்ள வேண்டும். வாங்குகிறவர்கள் கேட்கத் தொடங்கினால் விற்கிறவர்கள் பதில் வைத்திருப்பார்கள். கேட்டவர்கள் இருந்ததால்தான் ஜீப் உள்ளிட்ட 14 லட்சம் வண்டிகளுக்குப் பூட்டு வந்தது.

மற்றொரு பொருள் பற்றி அடுத்த உரையில் காண்போம்.